மன்னன் மாளிகை எங்கே?

உத்திரமேரூருக்கு வரும் விருந்தினரை நாம் தவறாமல் அழைத்துச் செல்லும் இடம் ஒன்று உண்டு. அது ஊரின் நடுவேயுள்ள வைகுண்டப் பெருமாள் கோயிலின் மண்டபம். அதன் கற்சுவர்களில் வரிவரியாகச் செதுக்கப்பட்டுள்ள எழுத்துகளைக் காட்டி, ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன்னரே இவ்வூரார் குடவோலை முறையில் தம் வாரியத்தாரைத் தேர்ந்தெடுத்த வரலாற்றைச் சொல்லி மகிழ்வது நம் வழக்கம். சில மாதங்களுக்கு முன் அவ்வாறு காட்டிக்கொண்டிருக்கையில், விருந்தினர் குடும்பத்துச் சிறுவன் ஒருவன் நம்மை இடைமறித்தான். "இதைச் செய்யச் சொன்ன ராஜா எந்த வீட்டில் இருந்தார்? அதைக் காட்டுங்கள்" என்றான்.

நாம் சிரித்தோம். ஆனால் விடை சொல்ல இயலவில்லை. கல்வெட்டில் பெயர் பெற்ற முதலாம் பராந்தக சோழனுக்கு இவ்வூரில் மாளிகை ஏதும் காணப்படவில்லை. இவ்வூரை அந்தணர்க்குரிய சதுர்வேதிமங்கலமாக ஏற்படுத்தியவன் என்று கருதப்படும் இரண்டாம் நந்திவர்மப் பல்லவனுக்குக் காஞ்சியில் இருந்த அரண்மனையும் இன்று கண்ணுக்குத் தெரியவில்லை. காஞ்சிபுரத்தில் அவன் எடுப்பித்த, இதே பெயர் கொண்ட மற்றொரு வைகுண்டப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றில், பல்லவர் வரலாறு சிற்ப வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளது. அரசன் வாரிசின்றி இறந்தபின் பெரியோர்கள் புதிய அரசனைத் தேடிச் சென்றதும், பன்னிரண்டு வயதுச் சிறுவனான நந்திவர்மன் முடிசூட்டிக்கொண்டதும் அங்கே காட்சிகளாக உள்ளன. அரியணையும் அரசவையும் வாயிற்காவலரும் அக்கற்களில் இருக்கின்றனர். பல்லவர் அரண்மனையை நாம் இன்று காணக்கூடிய இடம் அச்சிற்ப வரிசை ஒன்றே எனலாம்.

சிறுவனின் கேள்வி நம் மனத்தை விட்டு அகலவில்லை. கோயில்கள் நிற்கின்றன, ஏரிகள் நிற்கின்றன, கல்வெட்டுகள் நிற்கின்றன. நாடாண்டவர்கள் உண்டு உறங்கி வாழ்ந்த வீடுகள் மட்டும் எங்கே போயின?

செங்கல் வரிசைகள்

அதற்குச் சில வாரங்களுக்குப் பின், நம் பகுதிப் பங்குக் குடும்பங்கள் சில சேர்ந்து வேளாங்கண்ணிக்குத் திருயாத்திரை சென்றோம். திரும்பும் வழியில் கும்பகோணம், அணைக்கரை கடந்து மீன்சுருட்டி வந்ததும், ஓட்டுநரிடம் சொல்லிப் பேருந்தைக் கங்கைகொண்ட சோழபுரத்திற்குத் திருப்பச் செய்தோம். பெருங்கோயிலைக் கண்டு வியந்தபின், அங்கிருந்து தென்மேற்கே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டுக்குச் சென்றோம். பெயரைக் கேட்டு ஆவலுடன் இறங்கிய பெண்கள், "இவ்வளவுதானா?" என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர்.

உண்மையில் கண்ணுக்குப் புலப்படுவது சிறிதே. அகழ்ந்த குழிகள், அவற்றுள் செங்கற்சுவர்களின் அடிவரிசைகள், ஆங்காங்கே தூண் நிறுத்துவதற்கான கருங்கல் பீடங்கள் ஆகியவைதாம். ஆனால் இவ்விடத்தில்தான் கங்கைச் சமவெளி வரை படை நடத்திய முதலாம் இராசேந்திர சோழனின் அரண்மனை இருந்தது. கி.பி. 1014 முதல் 1044 வரை ஆண்ட அவன் புதிதாக எழுப்பிய இத்தலைநகர், 1279ஆம் ஆண்டையொட்டிச் சோழர் ஆட்சி முடியும் வரை ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் தலைநகராக விளங்கியது. முதலாம் குலோத்துங்கனின் காலத்துக் கல்வெட்டு ஒன்று 'கங்கைகொண்ட சோழன் மாளிகை' என்றே இவ்வரண்மனையைக் குறிப்பிடுகிறது.

தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையினர் 1980-81ஆம் ஆண்டு முதல் சில பருவங்களிலும், பின்னர் 2021ஆம் ஆண்டு முதலும் இங்கு அகழாய்வு செய்துள்ளனர். சுட்ட செங்கல்லால் கட்டிய சுவர்கள் வெளிப்பட்டன. அவற்றுள் சில ஒரு மீட்டருக்கும் மேற்பட்ட கனமுடையவை. இரு சுவர்களுக்கு இடைப்பட்ட வெளியை மணலால் நிரப்பியிருந்தனர். சிறிய தட்டையான ஓடுகளைச் சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசையாக அடுக்கி மேல்தளம் அமைத்திருந்தனர். தூண்கள் மெருகிட்ட மரத்தால் ஆனவையாக இருந்திருக்க வேண்டும். மரம் மக்கிப்போக, அதைத் தாங்கிய கருங்கல் பீடங்கள் மட்டும் எஞ்சின. இரும்பு ஆணிகளும் பிணைப்புகளும் செப்புக்காசுகளும் கிடைத்தன. சீன நாட்டுப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன. கடல் கடந்து வந்த கலங்களில் இவ்வீட்டார் உணவருந்தினர் என்பதற்கு அவை சான்று.

சுற்றியுள்ள ஊர்களின் பெயர்களே மீதிக் கதையைச் சொல்லுகின்றன. கோட்டைக்குள் இருந்த இடம் உட்கோட்டை. மன்னனின் மெய்க்காவலர் வாழ்ந்த இடம் மெய்க்காவல்புத்தூர். படைக்கலங்களை நினைவூட்டுவது ஆயுதக்களம். கட்டடங்களுக்குச் சுண்ணாம்பு அரைத்த நினைவைச் சுமப்பது சுண்ணாம்புக்குழி. மாளிகை மண்ணுக்குள் போன பின்னும் அதன் பெயர்கள் மக்களின் நாவில் வாழ்கின்றன.

நாம் இவற்றைப் பேசிக்கொண்டிருக்கையில், எம்முடன் வந்த சிறுவன் ஒருவன் உடைந்த செங்கல் துண்டொன்றைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டான். பாட்டி ஒருவர் அதைக் கண்டார். "எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டு வா, கண்ணு" என்றார். "ஒன்றுதானே பாட்டி, இங்கே எவ்வளவோ கிடக்கிறதே!" என்றான் அவன். "இப்படித்தான் ஒவ்வொருவரும் ஒன்று எடுத்திருப்பார்கள். அதனால்தான் உனக்குக் காட்ட அரண்மனை இல்லை" என்றார் பாட்டி. சிறுவன் சற்றே முகம் சுளித்தாலும், சென்று வைத்துவிட்டு வந்தான். எழுத்தறியாத அம்மூதாட்டியின் விடையில் நாம் தேடிய விடையின் பெரும்பகுதி இருந்தது.

யார் இடித்தார்கள்?

அரண்மனைகள் மறைந்ததற்கு முதற்காரணம் அவை கட்டப்பட்ட பொருளே. அக்காலத்தில் கருங்கல் இறைவனின் இல்லத்திற்கு உரியது என்று கருதினர். மன்னனே ஆயினும் மனிதன் வாழும் வீட்டைச் செங்கல்லாலும் மரத்தாலும் சுதையாலும் அமைத்தனர். அவற்றைக் கரையானும் மழையும் எளிதில் அழிக்கவல்லவை. ஆண்டுதோறும் பழுதுபார்க்கும் கை நின்றுவிட்டால், இரண்டு தலைமுறைக்குள் கூரை விழும்; மூன்றாம் தலைமுறையில் சுவர் சாயும்.

இரண்டாவது காரணம் பகை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மாறவர்மன் சுந்தரபாண்டியன் சோழநாட்டின்மேல் படையெடுத்துத் தஞ்சையையும் உறையூரையும் எரியூட்டினான். மாடங்களையும் மண்டபங்களையும் மாளிகைகளையும் இடித்ததையும், அவ்விடங்களைக் கழுதை பூட்டி உழுது கவடி விதைத்ததையும் அவனுடைய மெய்க்கீர்த்தி பெருமையாகவே கூறுகிறது. ஆயினும் அவன் ஒரு மண்டபத்தை மட்டும் இடிக்காமல் விட்டான் என்று திருவெள்ளறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அது பட்டினப்பாலை பாடிய கடியலூர் உருத்திரங்கண்ணனாருக்குக் கரிகாலன் பரிசாக அளித்த பதினாறுகால் மண்டபம். மன்னர்களின் வீடுகளை இடித்த கை, புலவனுக்கு அளித்த மண்டபத்தின்முன் தயங்கி நின்றது. எதற்கு மனிதர் உண்மையில் மதிப்பளிக்கின்றனர் என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறதன்றோ?

மூன்றாவது காரணத்தைச் சொல்ல நாம் சிறிது வெட்கப்பட வேண்டும். மாளிகைமேட்டின் செங்கற்களைத் தலைமுறை தலைமுறையாகத் தோண்டி எடுத்தவர்கள் எதிரிப் படையினர் அல்லர். அக்கம்பக்கத்தில் வாழ்ந்த எளிய மக்களே. வீட்டுக்குச் சுவர், கிணற்றுக்கு உறை, மாட்டுக்கொட்டிலுக்குத் தளம் எனத் தேவை ஏற்பட்டபோதெல்லாம், சூளை வைக்கப் பணமில்லாதவர்கள் மேட்டை நாடினர். அவர்களைக் குறைகூற நமக்கு உரிமையில்லை. வயிற்றுக்குப் போதாத வீட்டில் வரலாற்றுக்கு இடமிருப்பதில்லை.

ஆட்சியாளர்களோ இதனினும் பெரிதாகவே செய்தனர். சற்றுமுன் நம் பேருந்து கடந்து வந்த அணைக்கரை, கொள்ளிடத்தின் குறுக்கே 1836ஆம் ஆண்டு கட்டப்பட்ட கீழணையால் பெயர் பெற்றது. அவ்வணை கட்டுவதற்காகக் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் சுற்று மதிற்கற்களையும் பிற கட்டடப் பகுதிகளையும் வெள்ளையர் ஆட்சியில் இடித்துக் கொண்டுசென்றனர். கோயிலின் கருங்கல் மதிலுக்கே அந்நிலை என்றால், கேட்பாரற்றுக் கிடந்த செங்கல் மாளிகையின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. அவ்வணையின் நீர் இன்றும் பல்லாயிரம் ஏக்கர் நிலத்தை வாழ்விக்கிறது என்பதையும் மறத்தலாகாது. நன்மை ஒன்றுக்காகவே பழமை ஒன்று பலியாயிற்று. இதுபோன்ற கணக்குகள் எளிதில் நேராவதில்லை.

கும்பகோணத்தை அடுத்த பழையாறையும் இத்தகையதே. சோழர்களின் இரண்டாம் தலைநகர் போல் விளங்கிய அந்நகரின் நினைவாக இன்று எஞ்சியிருப்பவை சில கோயில்களும், சோழன்மாளிகை என்னும் சிற்றூரின் பெயரும், ஆரியப்படையூர், பம்பைப்படையூர் முதலிய படைவீட்டுப் பெயர்களுமே. மதுரையில் திருமலை நாயக்கர் 1636ஆம் ஆண்டு கட்டிய மகாலில் இன்று நாம் காண்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பகுதிதான். பிற்பகுதிகளைக் கலைத்து அங்கிருந்த பொருள்களைத் திருச்சிக்குக் கொண்டுசென்றவர் அவருடைய பேரரான சொக்கநாத நாயக்கரே என்பர். எஞ்சியதை 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநர் நேப்பியர் பிரபு பழுதுபார்க்கச் செய்திராவிட்டால், நமக்கு அதுவும் இருந்திராது.

கடலுக்கு அப்பாலும் இதே கதை

இராசேந்திரனின் கடற்படை 1025ஆம் ஆண்டையொட்டி ஸ்ரீவிஜயப் பேரரசின்மேல் சென்றது. சுமத்திராவிலும் மலேயாவிலும் இருந்த பல துறைமுகங்களைத் தாக்கியது. அங்கிருந்து விச்சாதிரத் தோரணம் என்னும் வாயிலையும் மணிகள் பதித்த கதவுகளையும் வென்றதாக அவனுடைய மெய்க்கீர்த்தி பட்டியலிடுகிறது. வேற்றரசனின் வாயிலையும் கதவையும் பெருமிதமாகக் கவர்ந்தவனின் சொந்த வாயில் எது என்று இன்று மாளிகைமேட்டில் எவராலும் சுட்டிக்காட்ட முடியாது!

சுமத்திராவுக்குத் தென்கிழக்கே உள்ளது ஜாவாத் தீவு. அங்கும் நம் நாட்டைப் போன்றே, தெய்வங்களுக்குரிய 'சண்டி' என்னும் ஆலயங்களைக் கல்லால் கட்டினர். அரசரின் இருக்கையாகிய 'கெராத்தோன்' என்னும் அரண்மனையைப் பெரும்பாலும் மரத்தாலும் செங்கல்லாலும் அமைத்தனர். ஆகவே பொரோபுதூரும் பிரம்பானனும் உலகப் புகழுடன் நிற்க, அவற்றைக் கட்டுவித்த அரசர்கள் வாழ்ந்த வீடுகளைத் தேடவேண்டியுள்ளது. பிரம்பானனுக்கு அருகே குன்றொன்றின்மேல் ரத்து போக்கோ என்னும் இடம் உள்ளது. அழகிய கல்வாயில்களும் மதில்களும் நீராடு குளங்களும் கல்மேடைகளும் அங்கு உள்ளன. மேடையின்மேல் நின்ற மரத்தூண்களும் கூரையும் இல்லை. மாளிகைமேட்டின் தூண் பீடங்களைக் கண்டவர் அங்கே சென்றால், பழகிய இடத்திற்கு வந்ததுபோல் உணர்வர். 792ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று இக்குன்றில் அபயகிரி என்னும் பௌத்த விகாரம் இருந்ததாகக் கூறுகிறது. இலங்கை அநுராதபுரத்தின் புகழ்பெற்ற விகாரத்தின் பெயர் அது.

கிழக்கு ஜாவாவில் துரோவுலான் என்னும் ஊர், 1293ஆம் ஆண்டு தோன்றிய மஜபாகித் பேரரசின் தலைநகராகக் கருதப்படுகிறது. 1365ஆம் ஆண்டு பிரபஞ்ச என்னும் புலவர் இயற்றிய நாகரகிருதாகமம் என்னும் நூல், உயர்ந்த செங்கல் மதில் சூழ்ந்த அந்த அரண்மனையை வாயில் வாயிலாக, மண்டபம் மண்டபமாக வருணிக்கிறது. ஏடு கையில் உள்ளது. வீடு கண்ணில் இல்லை. வயல்களுக்கிடையே பஜாங் ரத்து, வரிங்கின் லாவாங் என்னும் செங்கல் வாயில்கள் தனித்து நிற்கின்றன. அவற்றைக் கடந்து உள்ளே சென்றால் நெல்லும் கரும்புமே உள்ளன. 1914ஆம் ஆண்டு வயலெலிகளின் தொல்லையை ஒழிக்க மேடொன்றைத் தோண்டியபோது, அழகியதோர் நீராடு துறை வெளிப்பட்டது. அதனால் அதற்கு இன்றும் 'சண்டி திக்குஸ்', அதாவது எலிக்கோயில் என்று பெயர்! அவ்வூரில் ஏறத்தாழ 375 மீட்டர் நீளமும் 175 மீட்டர் அகலமும் கொண்ட செகாரான் என்னும் செங்கல் கரையிட்ட பெருங்குளமும் உள்ளது.

அந்நகரின் பகைவர் யார்? அங்கும் அதே விடைதான். துரோவுலான் மக்களுள் பலருக்குச் செங்கல் அறுப்பதே தொழில். நிலத்தை வெட்டி மண்ணெடுக்கும்போது அடியில் புதைந்த நகரமும் சேர்ந்தே வெட்டுப்படுகிறது. பழைய செங்கற்களைப் பொடித்துச் சாந்துடன் கலப்பதும் வழக்கமாக இருந்தது. பேரரசன் வீட்டுச் சுவரே ஏழைத் தொழிலாளியின் அன்றாடச் சோறாயிற்று. ஏழைகள் மட்டுமா? 2008ஆம் ஆண்டு அப்பழமையை உலகுக்குக் காட்டவென்றே தொடங்கிய அருங்காட்சிக் கட்டடத்தின் அடித்தளக் குழிகளே பழஞ்சுவர்களைச் சிதைத்துவிட, பெருங்கண்டனம் எழுந்தது. அறியாமையால் ஏழையும் அவசரத்தால் அதிகாரியும் ஒரே தவற்றைச் செய்தனர்.

ஜாவாவில் இன்னுமொரு செய்தி நம் காஞ்சி மண்ணுக்கு நெருக்கமானது. மேற்கு ஜாவாவில் ஐந்தாம் நூற்றாண்டளவில் தாருமநகரம் என்னும் நாட்டை ஆண்டவன் பூர்ணவர்மன். அவனுடைய கல்வெட்டுகள் பல்லவ எழுத்து என்று அறிஞர் அழைக்கும் வரிவடிவில், வடமொழியில் உள்ளன. நம் நாட்டு எழுத்து கடல் கடந்து சென்று அங்கே கல்லில் அமர்ந்துவிட்டது. அவனுடைய அரண்மனை இருந்த இடம் எது என்று காட்டுவார் இல்லை. ஆனால் ஜகார்த்தா நகரையொட்டிய தூகு என்னும் இடத்தில் கிடைத்த கல், அவன் 6122 வில் நீளமுள்ள கால்வாய் ஒன்றை 21 நாள்களில் வெட்டுவித்ததையும், ஆயிரம் பசுக்களைத் தானம் செய்ததையும் இன்றும் கூறிக்கொண்டிருக்கிறது. வீடு போயிற்று, வாய்க்காலைப் பற்றிய சொல் நின்றது.

ஊருக்கென்று எழுதியது

இவற்றையெல்லாம் எண்ணியவாறு ஊர் திரும்பிய நாம், மறுபடியும் உத்திரமேரூர் மண்டபத்தின்முன் சென்று நின்றோம். முன்னர்ப் பன்முறை கண்ட சுவர்தான். இப்போது வேறு விதமாகத் தோன்றியது.

பராந்தகனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது 919, 921ஆம் ஆண்டுகளில், அரசாணையுடன் வந்த அதிகாரி உடனிருக்க, ஊர்ச்சபையார் கூடி எடுத்த முடிவுகளை இக்கற்கள் தாங்கியுள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்தனர். கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலமும், சொந்த மனையில் கட்டிய வீடும், கல்வியும், தூய நடத்தையும் உடையவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டனர். அதற்குமுன் குடத்தில் வேறொன்றும் இல்லை என்பதை அனைவரும் காண முதியவர் ஒருவர் அதை உயர்த்திக் காட்டவேண்டும். உள்ளிருப்பதை அறியாத சிறுவனே ஓலையை எடுக்கவேண்டும். அதைப் பெறும் மத்தியஸ்தன் ஐந்து விரல்களையும் விரித்து உள்ளங்கையில் ஏற்கவேண்டும். ஓலையை மாற்றி மறைக்க வழியிருத்தல் ஆகாது. இவ்வாறு ஆண்டு வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் முதலியன அமைந்தன. பதவிக்காலம் 360 நாள்கள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமற் போனவருக்கும் அவருடைய நெருங்கிய உறவினருக்கும் குடத்தில் இடமில்லை.

இம்முறையில் குறையில்லை என்று நாம் சொல்லமாட்டோம். அச்சபையில் இடம் பெற்றவர்கள் நிலமும் மறையறிவும் உடைய அந்தணர் மட்டுமே. ஏரியைத் தோண்டிய கைகளுக்கும், நாற்று நட்ட பெண்களுக்கும் அக்குடத்தில் ஓலையில்லை. இன்று நம் ஊராட்சித் தேர்தலில் அனைவரும் வாக்களிக்கின்றனர். பெண்கள் தலைவர்களாக அமர்கின்றனர். அந்த வகையில் நாம் அவர்களைவிட முன்னே இருக்கிறோம். ஆனால் கணக்குக் காட்டாதவன் மறுபடி பதவிக்கு வரலாகாது என்னும் விதியில் அவர்கள் நம்மைவிட முன்னே இருக்கிறார்களோ என்னும் ஐயமும் எழாமல் இல்லை.

நம் ஊர்ப் பேரேரியின் பழம்பெயர் வயிரமேக தடாகம். பல்லவர் காலத்தில் அமைந்த அதனைத் தூர்வாரவும் கரை காக்கவும் ஊரார் செய்த ஏற்பாடுகளை இங்குள்ள கல்வெட்டுகள் கூறுகின்றன. இராசேந்திரனும் தன் கங்கை வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் என்னும் ஏரியை நீரால் ஆன வெற்றித்தூண் என்று தன் செப்பேட்டில் பொறித்தான். பொன்னேரி என்னும் பெயரில் அது இன்றும் உள்ளது. அவன் உறங்கிய மாளிகை செங்கல் துண்டுகளாய்க் கிடக்கிறது. அவன் வெட்டிய ஏரியின் கரை நிற்கிறது.

ஏரியும் சபைச்சுவரும் தாமே நின்றுவிடவில்லை. ஒவ்வொரு தலைமுறையும் அவை தனக்குத் தேவை என்று எண்ணிக் காத்தது. அரண்மனையைத் தனது என்று எண்ணுவதற்கு ஊராருக்கு ஒரு காரணமும் இருந்ததில்லை. அதன் வாயிலுக்குள் அவர்கள் நுழைந்ததே இல்லை. காவலர் போனபின் அது அவர்களுக்கு வெறும் செங்கற்குவியலாகவே தோன்றியது. எதில் மக்களுக்குப் பங்கில்லையோ, அதைக் காக்க மக்கள் வருவதில்லை. இது மாளிகைக்கு மட்டுமன்று; நாம் எழுப்பும் சங்கங்களுக்கும் பள்ளிகளுக்கும் மன்றங்களுக்கும் பொருந்தும் உண்மையாகும்.

நம் கையில் இருப்பது

இன்று நிலைமை வேறு. மன்னரும் இல்லை, அவர் வாயிலில் காவலரும் இல்லை. மாளிகைமேடு இப்போது நம் அனைவர்க்கும் பொதுவான உடைமை. அதன் ஒவ்வொரு செங்கல்லும், நம் முன்னோர் எவ்வாறு மண் பிசைந்தனர், எவ்வாறு சுண்ணாம்பு அரைத்தனர், எந்நாட்டாருடன் வணிகம் செய்தனர் என்பதைச் சொல்லும் சாட்சி. தன்னிடத்தில் கிடக்கும் வரையே அது சாட்சி. பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தால் அது வெறும் மண்கட்டி. எந்த ஆழத்தில், எதன் பக்கத்தில் கிடந்தது என்பதிலேதான் அதன் பேச்செல்லாம் அடங்கியிருக்கிறது.

இது தொலைவிலுள்ள ஊர்களைப் பற்றிய பேச்சு மட்டுமன்று. பல்லவரும் சோழரும் வாழ்ந்த இக்காஞ்சி வட்டாரத்தில் கிணறு வெட்டும்போதும், ஏரியில் வண்டல் எடுக்கும்போதும், வீட்டுக்குக் கடைகால் தோண்டும்போதும் அகன்ற பழஞ்செங்கல்லும் பானை ஓடும் எழுத்துள்ள கல்லும் வெளிப்படக்கூடும். அத்தகைய கல்லைத் துணி துவைக்கப் போடுவதும் படிக்கட்டில் பதிப்பதும் வேண்டாம். வேலையைச் சற்று நிறுத்தி, கிராம நிர்வாக அலுவலருக்கோ வட்டாட்சியருக்கோ காஞ்சிபுரம் அரசு அருங்காட்சியகத்தாருக்கோ தெரிவிப்பது நம் கடமை. பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள புதையல் எதையும் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும் என்பது 1878ஆம் ஆண்டிலேயே ஏற்பட்ட சட்டம். சட்டத்திற்கு அஞ்சிச் செய்வதைவிட, நம் பிள்ளைகளை எண்ணிச் செய்வது சிறப்பு.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த திருயாத்திரையின்போது அரைமணி நேரம் ஒதுக்கி, வழியிலுள்ள இத்தகைய இடமொன்றைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். காண அங்கே அதிகம் இல்லை என்று தயங்கவேண்டாம். இல்லாததைக் காட்டிக் கற்பிப்பதும் கல்விதான்.

சென்ற மாதம் அச்சிறுவனின் குடும்பத்தார் மறுபடியும் உத்திரமேரூர் வந்திருந்தனர். "ராஜா வீட்டைக் கண்டுபிடித்தீர்களா?" என்று அவன் மறவாமல் கேட்டான். "கண்டோம், தம்பி. ஆறேழு வரிசைச் செங்கல் இருக்கிறது. மீதியை மழையும் பகைவரும் நம்மைப் போன்றவர்களும் கொண்டுபோய்விட்டோம்" என்றோம். அவன் சிறிது நேரம் சிந்தித்தான். பின்னர் மண்டபச் சுவரின் எழுத்துகளின்மேல் விரல் வைக்கப் போனவன், என்ன நினைத்தானோ, கையை இழுத்துக்கொண்டான்.

"தொட்டுத் தொட்டுத் தேய்ந்துவிடுமல்லவா?" என்றான்.